பிள்ளை பெற்ற வீட்டில் பிராந்திப் போத்தல்

பிள்ளை பெற்ற வீட்டில் பிராந்திப் போத்தல் ஒன்று இருப்பது எங்கள் பக்கத்தில் புதினம் அல்ல. குளிர் பிடிக்காது, வயிற்றுப் புண் ஆறும் என்று சொல்லிச் சரக்குக் கறியோடு ஒரு மூடி பிராந்தியும் கொடுப்பார்கள். கணவனின் குடியால் நொந்து, போத்தலைக் கண்டாலே வெறுக்கும் பெண்கூட அதை மருந்தென்று குடித்துவிடுவாள்.

எனக்குத் தெரிந்த ஒரு தாய்க்குச் சிறுவயதிலிருந்தே தொய்வு. குடித்து அரை மணித்தியாலத்தில் நெஞ்சு இறுகி இழுக்கத் தொடங்கியது. "குளிர் ஏறிவிட்டது" என்று மாமியார் இன்னொரு மூடி கொடுத்தார். விடியமுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடவேண்டியதாயிற்று. என்ன குடித்தாய் என்று டொக்டர் கேட்கும்வரை பிராந்தியை ஒருவரும் சந்தேகிக்கவில்லை.

தொய்வு உள்ளவரின் சுவாசக் குழாய்கள் எளிதில் சுருங்கிவிடும். மதுசாரம் உடலில் உடையும்போது அசற்றல்டிகைட்டு என்ற பொருள் உண்டாகிறது. அது விரைவில் அகலாவிட்டால் ஹிஸ்டமின் என்பதைச் சுரக்கவைக்கும். ஹிஸ்டமின் குழாயைச் சுற்றியுள்ள தசையை இறுக்கும், உட்சுவரை வீங்கவைக்கும். மூச்சு போகும் வழி ஒடுங்கிவிடும். யப்பானியர் பலருக்கு அசற்றல்டிகைட்டை அகற்றும் சக்தி பிறப்பிலேயே குறைவு. அங்கு தொய்வுள்ளவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு மதுவால் இழுப்பு வருவதை ஆய்வுகள் காட்டின. அவுஸ்திரேலியாவில் 2000ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், தொய்வு நோயாளரில் மூன்றில் ஒருவர் தமக்கும் அப்படி நேர்ந்ததாகச் சொன்னார்கள். எல்லோருக்கும் வருவதில்லை. ஆனால் ஒருமுறை வந்தவருக்குத் திரும்பவும் வரலாம்.

அந்த ஆய்வில் வைனையே கூடுதலானோர் குறை சொன்னார்கள். வைன் கெடாமலிருக்கச் சேர்க்கும் சல்பைற்று சிலருக்கு ஒத்துவராது. எங்களில் வைன் குடிப்பவர் யார் என்று கேட்பீர்கள். அதே சல்பைற்று சிலவகை உலர்ந்த பழங்களிலும் போத்தல் பானங்களிலும் உண்டு. சுட்டுத்துண்டில் 220 முதல் 228 வரையான இலக்கங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

அரிஷ்டங்களும் நொதிக்கவைத்துச் செய்பவைதான், அவற்றிலும் மதுசாரம் உண்டு. தொய்வு இருப்பதை வைத்தியரிடம் சொல்லிவிட்டே வாங்குங்கள். சளிக்கென்று பிள்ளைக்குப் பிராந்தி பருக்குவதை அடியோடு விடவேண்டும்.

வீட்டில் குடிக்கிற ஆணுக்குத் தொய்வு இருந்தால் ஆபத்து வேறு விதமானது. வெறியில் தூங்குபவருக்குத் தன் மூச்சு முட்டுவது சரியாகத் தெரியாது, பம்ப்பைத் தேடவும் மாட்டார். பக்கத்தில் பீடியும் புகைந்துகொண்டிருக்கும். சண்டைக்குப் பயந்து ஒதுங்கிப் படுத்தாலும், இழுப்புச் சத்தம் கேட்டால் எழுந்து பாருங்கள்.

இழுப்பு வந்தவரை நிமிர்த்தி இருத்துங்கள், படுக்க விடவேண்டாம். டொக்டர் தந்த நீலநிறப் பம்ப்பை அவர் சொன்ன அளவில் கொடுங்கள். பேச்சு ஒரு சொல், இரு சொல்லாக அறுந்தால், உதடு நீலம் பாரித்தால், பம்ப்புக்கும் அடங்காவிட்டால், 1990 இலக்கத்துக்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். என்ன குடித்தார், எத்தனை மணிக்கு என்பதை வெட்கப்படாமல் ஆஸ்பத்திரியில் சொல்லுங்கள்.