விமானம் வரைந்த இடத்தில் மனித உரிமைப் பாடம்

டோக்கியோவுக்கு மேற்கே உள்ள மிடாகாவில் போர்க்காலத்தில் விமான ஆராய்ச்சி நிலையம் ஒன்று எழும்பியது. பசிபிக்கைத் தாண்டிப்போய் அமெரிக்க மண்ணில் குண்டு போடக்கூடிய ஆறு இன்ஜின் விமானத்துக்கு அங்கே திட்டம் தீட்டினார்கள். 'ஃபுகாகு' என்று பெயரும் வைத்தார்கள். அந்த விமானம் ஒருநாளும் பறக்கவில்லை; வரைபடத்தோடு நின்றுபோனது. அந்த நிலையத்தின் பிரதானக் கட்டடத்தில் இன்று பதினெட்டு வயதுப் பிள்ளைகள் உட்கார்ந்து தத்துவமும் உயிரியலும் படிக்கிறார்கள். சர்வதேசக் கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தின் முதன்மையான வகுப்பறைக் கட்டடம் அதுதான். இடித்துத் தள்ளாமல், திருத்தி எடுத்துக்கொண்டார்கள்.

ஜப்பானில் கிறிஸ்தவர்கள் நூற்றுக்கு ஒருவர் என்ற அளவில்தான் இருக்கிறார்கள். ஆனாலும் கியோத்தோவின் தோஷிஷா, டோக்கியோவின் சோஃபியா, ரிக்கியோ, அவோயாமா கக்குயின் என்று கிறிஸ்தவர்கள் தொடங்கிய பல்கலைக்கழகங்களுக்கு அங்கே பெரிய பெயர் உண்டு. மிடாகா அவற்றுக்கெல்லாம் இளையது, அளவிலும் சிறியது. 1949 ஜூனில், ஃபுஜி மலை அடிவாரத்து கோதெம்பாவில் ஜப்பானிய, வட அமெரிக்கக் கிறிஸ்தவர்கள் கூடி இதற்கு வடிவம் கொடுத்தார்கள். நிலம் வாங்கப் பணம் கொடுத்தவர்கள் ஜப்பானியர்கள். குண்டுவீச்சில் வீடிழந்து, ரேஷனில் வாழ்ந்துகொண்டிருந்த மக்கள். நிதி திரட்டலுக்குத் தலைமை ஏற்றவர் அந்நாட்டு மத்திய வங்கியின் அன்றைய ஆளுநர். அவர் கிறிஸ்தவர்கூட இல்லை. தோற்றுப்போன நாட்டில், பசித்த வயிற்றோடு, இனி நம் பிள்ளைகள் வேறு மாதிரி வளரட்டும் என்று கொடுத்த காசு அது. 1953-ல் பல்கலைக்கழகமாக வகுப்புகள் ஆரம்பித்தன.

முதல் தலைவர் யுவாசா ஹச்சிரோ, பூச்சியியல் அறிஞர். 1930-களில் தோஷிஷாவின் தலைவராக இருந்தபோது ராணுவவாதிகளின் நெருக்கடி தாங்காமல் பதவி விலகியவர். 1938 டிசம்பரில் சென்னையை அடுத்த தாம்பரத்தில், சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி வளாகத்தில் உலகத் திருச்சபைகளின் மிஷனரி மாநாடு நடந்ததே, அதில் கலந்துகொண்டுவிட்டு, அங்கிருந்து அமெரிக்கா போனார். போர் முடியும்வரை ஊர் திரும்பவில்லை. கல்விக்கூடத்துக்குள் அதிகாரம் நுழைந்தால் என்ன ஆகும் என்பதைத் தன் உடம்பில் பட்டுத் தெரிந்துகொண்ட மனிதர் அவர். மிடாகாவில் இன்றும் தொடரும் ஒரு வழக்கத்தைப் பார்க்கும்போது அவர் நினைவுதான் வருகிறது.

புதிதாகச் சேரும் ஒவ்வொரு மாணவரும் ஓர் உறுதிமொழியில் கையெழுத்திட வேண்டும். ஐக்கிய நாடுகள் சபையின் உலக மனித உரிமைப் பிரகடனத்தின் கொள்கைகளின்படி நடப்பேன் என்பது அதன் சாரம். முதல் அணியிலிருந்து இன்றுவரை இது மாறவில்லை. கிறிஸ்தவப் பல்கலைக்கழகம் என்ற பலகையை மாட்டிக்கொண்டு, ஞானஸ்நானம் கேட்காமல், ஜெபம் கேட்காமல், பக்கத்தில் உட்காருபவனை மனிதனாக மதிப்பாயா என்று மட்டும் கேட்கிறது. கிறிஸ்தவம் பற்றிய ஒரு பாடம் எல்லோருக்கும் கட்டாயம். வளாகத்தின் நடுவே தேவாலயமும் உண்டு. பிரதான வாசலிலிருந்து அரை கிலோமீட்டருக்கும் மேல் நேர்கோடாக வரும் செர்ரி மரச்சாலை அங்கேதான் முடிகிறது. ஏப்ரலில் அந்தச் சாலை முழுக்க வெளிர் சிவப்பு. உள்ளே வழிபாட்டு நேரங்களில் வந்து உட்காருவதும் வராமலிருப்பதும் அவரவர் விருப்பம்.

இந்த வளாகத்தின் உயிர் தேவாலயத்தில் இருப்பதைவிட, பிரதானக் கட்டடத்துக்கு எதிரே உள்ள புல்மேட்டில்தான் அதிகம் இருக்கிறது என்பேன். 'பாகாயாமா', அதாவது முட்டாள் மேடு என்று தலைமுறை தலைமுறையாக மாணவர்கள் செல்லமாக அழைக்கும் இடம். வெயில் அடித்தால் அங்கே சாப்பாட்டுப் பொட்டலத்தோடு படுத்துக் கிடப்பார்கள். சில பேராசிரியர்கள் வகுப்பையே அங்கு நடத்துவதுண்டு. இங்கே இருப்பது ஒரே ஒரு புலம். கலை, அறிவியல் எல்லாம் அதற்குள் அடக்கம். இயற்பியலுக்கென்றோ சட்டத்துக்கென்றோ தனி நுழைவு கிடையாது. முப்பதுக்கு மேற்பட்ட துறைகளில் எதை வேண்டுமானாலும் தொட்டுப் பார்த்துவிட்டு, இரண்டாம் ஆண்டு முடியும் தறுவாயில் முதன்மைப் பாடத்தை முடிவு செய்தால் போதும். ஏப்ரலில் சேர்பவர்கள் பெரும்பாலும் ஜப்பானியப் பள்ளிகளில் படித்தவர்கள். செப்டம்பரில் சேர்பவர்களில் வெளிநாட்டில் படித்தவர்கள் மிகுதி. ஜப்பானியம், ஆங்கிலம் இரண்டிலும் வகுப்புகள் நடக்கின்றன. விடுதியில் இந்த இரு கூட்டமும் கலந்து வசிக்கிறது. எத்தனை மணிக்கு விளக்கணைப்பது, சமையலறைப் பாத்திரத்தை யார் கழுவுவது என்பதில் தொடங்கும் வாக்குவாதம், போர் பற்றியும் மன்னிப்புக் கேட்பது பற்றியும் போய் நிற்கும். பள்ளியில் எதிர்த்துப் பேசாமல் வளர்ந்த ஒரு ஜப்பானியப் பெண், கொரியாவிலிருந்து வந்த அறைத்தோழியிடம் வரலாற்றைப் பற்றிப் பேச வாய் திறப்பதற்கு ஒரு வருடம் ஆகலாம். ஆகட்டும். அந்த ஒரு வருடத்தைக் கொடுக்கத்தான் இப்படி ஓர் இடம் வேண்டியிருக்கிறது.

என் கவலையும் அந்த ஒரு வருடத்தைப் பற்றித்தான்.

ஜப்பானில் வேலை தேடுவதற்கு ஒரு காலண்டர் இருக்கிறது. அரசு வகுத்த நெறிப்படி, மூன்றாம் ஆண்டு முடியும் மார்ச்சில் நிறுவனங்கள் தகவல் கூட்டம் நடத்தலாம். நான்காம் ஆண்டு ஜூனில் நேர்காணல் தொடங்கலாம். நடைமுறையில் எல்லாமே முந்திக்கொண்டுவிட்டது. மூன்றாம் ஆண்டுக் கோடையிலேயே இன்டர்ன்ஷிப். அதற்கு விண்ணப்பம் போடுவது அதற்கும் முன்னால். கணக்குப் போட்டுப் பாருங்கள். எந்தப் பாடம் என்று ஒரு மாணவர் முடிவெடுத்த சில மாதங்களில், எந்த நிறுவனம் என்று முடிவெடுக்க வேண்டும். அந்தப் பாடத்தில் ஒழுங்காக ஒரு புத்தகம் படித்து முடித்திருக்கமாட்டார், அதற்குள் கறுப்பு சூட்டை மாட்டிக்கொண்டு, "உங்கள் பல்கலைக்கழக வாழ்க்கையில் எதில் முழு முயற்சி காட்டினீர்கள்?" என்ற கேள்விக்குப் பதில் ஒப்பிக்கப் போய்விடுகிறார். வாழ்க்கை இன்னும் நடக்கவே இல்லையே, எதைச் சொல்வார்? பதில் சொல்வதற்காகவே தன்னார்வத் தொண்டு, பதில் சொல்வதற்காகவே சங்கத் தலைவர் பதவி என்று நாட்கள் கழிகின்றன. முட்டாள் மேட்டில் சும்மா படுத்துக் கிடந்த மத்தியானத்தை எந்த விண்ணப்பத்தில் எழுத முடியும்?

இது இந்த ஒரு வளாகத்தின் பிரச்சினை இல்லை, நாடு முழுக்க உள்ளதுதான். ஆனால் நிதானமாகத் தேர்ந்தெடு என்று சொல்லியே பிள்ளைகளைச் சேர்க்கும் இடத்தில்தான் அடி பலமாக விழுகிறது. நல்ல வேலை இல்லாமல் மனித உரிமையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கேட்கும் பெற்றோர்களும் இருக்கிறார்கள். நியாயம்தான்.

மறுபக்கம் பிள்ளைகளே குறைந்துவருகிறார்கள். 1992-ல் ஜப்பானில் பதினெட்டு வயதானவர்கள் 20 லட்சத்துக்கு மேல். இன்று ஏறத்தாழ 11 லட்சம். 2024-ல் கணக்கெடுக்கப்பட்ட 598 தனியார் பல்கலைக்கழகங்களில் 354-ல் இடங்கள் நிரம்பவில்லை. அதற்கு முந்தைய ஆண்டு, டோக்கியோ புறநகரில் ஒன்றும் கோபே நகரில் ஒன்றுமாக இரண்டு கிறிஸ்தவ மகளிர் பல்கலைக்கழகங்கள், இனிப் புதிய மாணவிகளைச் சேர்க்கப்போவதில்லை என்று அறிவித்தன. சிறிய வகுப்பு, ஆசிரியருக்கு மாணவியின் பெயர் தெரிந்திருப்பது, தேவாலயத்தில் ஒரு பியானோ என்று வாழ்ந்த இடங்கள். பல்கலைக்கழகங்கள் அளவுக்கு மிஞ்சிப் பெருகிவிட்டன, கொஞ்சம் மூடுவது நல்லதுதான் என்று சொல்லும் நிபுணர்களும் உண்டு. மூடப்படுபவை எவை என்று பார்த்தால் எனக்கு மனம் ஆறவில்லை. மாணவர் குறையக் குறைய, மிச்சமிருக்கும் கல்லூரிகளும் வேலைவாய்ப்பு விகிதத்தை விளம்பரத்தில் பெரிதாகப் போட்டுத்தான் ஆள் பிடிக்க வேண்டியிருக்கும். அப்போது முதலில் வெட்டுப்படுவது எது? சும்மா இருப்பதற்கான நேரம்தான்.

ஆண்டு முழுவதும் ஆள் எடுக்கும் முறைக்குச் சில பெரிய நிறுவனங்கள் இப்போது மாறத் தொடங்கியிருக்கின்றன. செப்டம்பரில் சேர்ந்து கோடையில் பட்டம் வாங்கும் மாணவர்களுக்கு அது உதவும். அதோடு இன்னொன்றையும் செய்யலாம்: பட்டம் கையில் வரும்வரை நேர்காணலுக்குக் கூப்பிடாமல் இருக்கலாம். நான்கு ஆண்டு காத்திருந்தால் எந்த நிறுவனமும் நொடித்துப் போகாது. வீடிழந்தவர்கள் காசு போட்டு வாங்கிக் கொடுத்த நிலத்தில், பிள்ளைகள் அந்த நான்கு ஆண்டையும் முழுதாக வாழட்டும்.