அம்மா சேலையில் ஒரு ஏப்ரன்

இந்தப் பகுதியில் மற்றவர்கள் எழுதுவதை ஒரு வரி விடாமல் படிப்பேனே தவிர, நானும் எழுதலாம் என்று தோன்றியதே இல்லை. போன மாதம் எங்கள் வீட்டில் நடந்த ஒரு விஷயத்தை யாரிடமாவது சொல்ல வேண்டும் போல் இருந்தது. அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

எங்களுக்குச் சொந்த ஊர் மதுரை. அம்மா 2021-ல் தவறிப் போனார்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அண்ணன் பீரோவைத் திறந்து, "மூணு பேரும் பிரிச்சு எடுத்துக்கங்க" என்றார். பட்டுச் சேலைகளை அக்காவும் மதினியும் நானும் சண்டை சச்சரவு இல்லாமல் எடுத்துக் கொண்டோம். நகையிலும் பிரச்னை இல்லை. அடித்தட்டில் மடித்து வைத்திருந்த பதினோரு சுங்குடிச் சேலைகளைத்தான் யாரும் தொடவில்லை. எல்லாம் அடுப்படியில் கட்டிக் கட்டி நூலாகிப் போனவை. துவைத்தும் போகாத மஞ்சள் கறை, எண்ணெய்ப் பிசுக்கு. "பழைய துணிக்கு வாளி குடுக்கறவர் வந்தா போட்டுருவோம்" என்று மதினி சொன்னார். தப்பாகச் சொல்லவில்லை, எல்லார் வீட்டிலும் நடப்பதுதான். எனக்கு மனசு கேட்கவில்லை. ஒரு பெட்ஷீட்டில் மூட்டையாகக் கட்டி எங்கள் வீட்டுக்குக் கொண்டு வந்து பரணில் போட்டேன். போட்டதோடு சரி.

இந்த வருஷம் என் மகன் எனக்கு ஒரு ஏப்ரன் வாங்கிக் கொடுத்தான். அவன் பெங்களூரில் தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறவன். "அம்மா, இதைப் போட்டுக்கிட்டு சமை, நைட்டி எல்லாம் கறையாகாது" என்றான். ரெக்ஸின் மாதிரி வழவழவென்று இருந்தது. பத்து நிமிஷம் அடுப்பு முன்னால் நின்றால் வியர்த்துக் கொட்டும். ஈரக் கையைத் துடைத்தால் ஈரம் அப்படியே இருக்கும். கை துடைக்க முடியாத துணி அடுப்படிக்கு எதற்கு?

அப்போதுதான் அம்மாவின் முந்தானை ஞாபகம் வந்தது.

நம் அம்மாமார்களுக்கு ஏப்ரன் என்று தனியாக ஒன்று கிடையாது. முந்தானைதான் எல்லாம். கை துடைக்க, கொதிக்கிற சோற்றுப் பானையை இறக்க, சில்லறை முடிய, மூக்கு ஒழுகுகிற பிள்ளைக்குத் துடைத்துவிட, அழுகை வந்தால் வாயைப் பொத்திக் கொள்ளவும் அதேதான். அம்மா மட்டும் இதில் ஒரு வேலை கூடுதலாகச் செய்வார்கள். முந்தானையை நன்றாக இழுத்துச் சொருகி, அதற்கு மேல் அப்பாவின் பழைய வேட்டியில் கிழித்த துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டிக் கொண்டுதான் அடுப்பைப் பற்ற வைப்பார்கள். எத்தனை அவசரமானாலும் துண்டு கட்டாமல் தீக்குச்சியைத் தொட மாட்டார்கள்.

அதற்குக் காரணம் உண்டு. 1979-ல் எனக்கு ஆறு வயது, அக்காவுக்குப் பதினொன்று. அப்போது எங்கள் வீட்டில் மண்ணெண்ணெய் பம்ப் ஸ்டவ். அன்று அம்மா நைலக்ஸ் சேலை கட்டியிருந்தார்கள். அந்தக் காலத்தில் நைலக்ஸ் என்றால் பெரிய நாகரிகம். இஸ்திரி வேண்டாம், உதறினால் காய்ந்துவிடும். ஸ்டவ்வுக்குப் பின்னால் இருந்த அலமாரியிலிருந்து பெருங்காய டப்பாவை எட்டி எடுக்கும்போது முந்தானை சரிந்து நெருப்பில் விழுந்தது. பாட்டி ஓடி வந்து ஈரச் சாக்கைப் போட்டு அமுக்கியதால் உயிர் தப்பியது. ஆனால் அந்தத் துணி உருகி இடது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை ஒட்டிக் கொண்டது. அக்கம்பக்கத்தார் நல்ல எண்ணத்தில்தான் பேனா மையைக் கொண்டு வந்து ஊற்றினார்கள். புண்ணின் ஆழம் தெரியாமல் டாக்டர் முதலில் அந்த மையைத்தான் கழுவ வேண்டியிருந்ததாம். அந்தத் தழும்பு கடைசி வரை அம்மாவின் கையில் இருந்தது. குணமாகி வந்த பிறகு சுங்குடி தவிர வேறு சேலையோடு அம்மா அடுப்படிக்குள் போனதே இல்லை.

சகோதரிகளே, பருத்தி எரியாது என்று நினைத்துவிடாதீர்கள். பருத்தியும் எரியும், வேகமாகவே எரியும். ஆனால் நைலான், பாலியஸ்டர் மாதிரி உருகிச் சதையோடு ஒட்டாது. இப்போது பம்ப் ஸ்டவ் இல்லை, கேஸ் அடுப்புதானே என்று நாம் நிம்மதியாக இருக்கிறோம். நாம் போட்டுக் கொண்டு நிற்கிற நைட்டியும் துப்பட்டாவும் என்ன துணி என்று பார்த்திருக்கிறோமா? ஓரத்தில் ஒரே ஒரு நூலை உருவி இடுக்கியில் பிடித்து, தண்ணீர்த் தொட்டிக்கு மேலே வைத்துக் கொளுத்திப் பாருங்கள். காகிதம் எரிந்த வாடை அடித்து, தொட்டால் பொடியாகும் சாம்பல் வந்தால் பருத்தி. சுருங்கி, ஓரத்தில் கடுகு மாதிரி கெட்டியாக உருண்டால் செயற்கை நூல். நான் பார்த்ததில் என் நைட்டி நாலில் மூன்று கடுகாகத்தான் உருண்டது!

சரி, தையலுக்கு வருகிறேன். சேலைகளைப் பரணிலிருந்து இறக்கி வெந்நீரில் சோடா உப்பு போட்டு ஊற வைத்துத் துவைத்தேன். சுங்குடி எங்கள் ஊர்ச் சரக்கு. துணியைச் சின்னச் சின்னதாகக் கிள்ளி நூலால் இறுக்கி முடிந்து, சாயத்தில் முக்கி, முடிச்சை அவிழ்த்தால் புள்ளி புள்ளியாக நிற்கும். மதுரைச் சுங்குடிக்கு 2005-ல் புவிசார் குறியீடு கூடக் கிடைத்தது. அம்மாவுக்கு அதெல்லாம் தெரியாது. "வெயிலுக்கு இதுதாண்டி சுகம்" என்பார்கள், அவ்வளவுதான்.

சேலை நைந்திருப்பதால் ஒற்றைத் துணியாகத் தைத்தால் நிற்காது, இரட்டையாகத்தான் தைக்க வேண்டும். என் அளவு இது: நீளம் 33 அங்குலம், அகலம் 29 அங்குலம், தையலுக்கு விடுவதும் இதிலேயே சேர்த்தி. சேலையின் அகலவாக்கில் ஏப்ரனின் நீளத்தை வைத்து வெட்டினால் கரை அடிப்பக்கமாக அழகாக விழும். மேலே மிஞ்சுகிற பட்டையில் நாடாவும் பாக்கெட்டும் ஆகிவிடும். நல்ல சேலையென்றால் ஒன்றில் மூன்று ஏப்ரன் வரும். எனக்குக் கிழிசல் போக இரண்டுதான் தேறியது.

முதலில் செய்தித்தாளில் வெட்டிப் பாருங்கள். தாளை நெடுக்காக இரண்டாக மடித்து, மேலே மடிப்பிலிருந்து ஐந்தரை அங்குலத்தில் ஒரு புள்ளி, அங்கிருந்து பத்து அங்குலம் கீழே ஓரத்தில் ஒரு புள்ளி. இரண்டையும் உள்பக்கமாக வளைத்துச் சேர்த்தால் கை வளைவு. இரண்டு துணியையும் நல்ல பக்கம் உள்ளே இருக்கும்படி வைத்து, நாடாக்களை நடுவில் சொருகிச் சுற்றித் தைத்து, அடியில் நாலு விரல் இடைவெளி விட்டு அதன் வழியே புரட்டிவிட வேண்டும். பிறகு ஓரம் முழுக்க ஒரு தையல். இடுப்பு நாடா பக்கத்துக்கு 30 அங்குலம். கழுத்துப் பட்டையை மட்டும் வளையமாகத் தைத்துவிடாதீர்கள். ஒரு முனையில் பிரஸ் பட்டன் வையுங்கள். இடுப்பு நாடாவையும் இழுத்தால் அவிழ்கிற மாதிரிதான் முடிய வேண்டும். ஆபத்துக்கு ஒரே இழுப்பில் கழற்ற வேண்டுமே!

1995-ல் சீராக வந்த என் தையல் மிஷினுக்கு எண்ணெய் விட்டு உட்கார்ந்தால், முதல் சேலையின் முந்தானை முனையில் ஒரு இடம் சல்லடையாகத் தெரிந்தது. பாத்திரம் பிடித்துப் பிடித்து அம்மாவின் விரல் தேய்த்த இடம். வெளிப்பக்கம் வைத்தால் கிழிந்துவிடும், வெட்டி எறியவும் கை வரவில்லை. இரண்டு துணிக்கும் நடுவில், நெஞ்சுப் பக்கத்தில் வைத்துத் தைத்துவிட்டேன். வெளியே பார்த்தால் தெரியாது.

பாக்கெட்டில் அம்மா தினமும் சொல்கிற வார்த்தைகளைச் சங்கிலித் தையலில் போட்டேன். எனக்கு "உப்பு பாத்தியா?" மதினிக்கு "அடுப்ப அணைச்சியா?" மகனுக்கு "இன்னும் ஒரு கரண்டி போடவா?" என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "ஓட்டல் மாஸ்டர் கணக்கா இருக்கே" என்று சிரித்தார். அவருக்கும் ஒன்று தைத்து மாட்டிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு இப்போது அவர் பொறுப்பு.

போன மாதம் அக்கா வந்தாள். ஆசையாக அவளுக்குத் தைத்ததை எடுத்துக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்தவள் முகம் அப்படியே மாறிவிட்டது.

"இது அம்மா சேலைதான? கத்தரி போட உனக்கு எப்படிடி மனசு வந்துச்சு?"

"பரண்ல எலி கடிக்கறதுக்கு இது தேவலையேக்கா" என்றேன். எனக்கும் கோபம். பட்டுச் சேலையை மட்டும் எடுத்துக்கிட்டுப் போனவதானே என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

அக்கா கட்டிலில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள். நான் பயந்து போனேன். ரொம்ப நேரம் கழித்துச் சொன்னாள்: "அன்னிக்கு அம்மா சுங்குடிதான்டி எடுத்து வச்சிருந்தாக. நாந்தான் அந்தப் பூப்போட்ட நைலக்ஸக் கட்டச் சொன்னேன். அதுலதாம்மா நீ அழகா இருக்கன்னு சொன்னேன். எனக்காகத்தான் கட்டுனாக. இந்தச் சேலைக எல்லாம் அதுக்கப்புறம் அம்மாவக் காப்பாத்துன சேலைடி."

நாற்பது வருஷத்துக்கு மேல் இதை யாரிடமும் அவள் சொன்னதில்லை. அம்மாவிடம் கூட. பதினோரு வயசுப் பிள்ளை ஆசையாகச் சொன்ன ஒரு வார்த்தையை இத்தனை காலம் சுமந்திருக்கிறாள். சுங்குடிச் சேலைகளை அன்றைக்கு அவள் தொடாததும் வேண்டாமென்று இல்லை. எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அவள் கையைப் பிடித்து, ஏப்ரனின் நெஞ்சுப் பக்கத்தில் வைத்து, உள்ளே தடிமனாக இருக்கும் இடத்தைத் தடவச் சொன்னேன். எல்லோருக்கும் தைத்ததில் உள்ளே அந்தந்தச் சேலையின் முந்தானை முனையை வைத்திருந்தேன். தடவினாள். ஒன்றும் பேசவில்லை. சாயந்திரம் ஊருக்குக் கிளம்பும்போது ஏப்ரனைக் கட்டில் மேலேயே வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

ஒரு விஷயத்தைச் சொல்ல மறந்துவிட்டேன். யாருக்காவது சுட்டுவிட்டால் மை, பற்பசை, இட்லி மாவு எதையும் அப்பாதீர்கள். ஐஸ் கட்டியும் கூடாது. குழாய்த் தண்ணீரில் 20 நிமிஷம் காட்ட வேண்டும். வளையல், மோதிரத்தை வீங்குவதற்குள் கழற்றிவிட வேண்டும். ஒட்டிய துணியைப் பிய்க்காமல் சுத்தமான துணியால் மூடி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். துணியில் தீப்பிடித்தால் ஓடக் கூடாது, தரையில் படுத்து உருள வேண்டும். பாட்டிக்கு யாரும் சொல்லித் தராமலே ஈரச் சாக்கு தோன்றியதே, அது எங்கள் அதிர்ஷ்டம்.

ஏப்ரனை அண்ணன் ஊருக்குப் போகும்போது அவர் கையில் கொடுத்து அக்கா வீட்டில் சேர்க்கச் சொன்னேன். பத்து நாளாகப் பேச்சே இல்லை. கோபம் போகவில்லை என்றுதான் நினைத்தேன். முந்தாநாள் காலையில் போன் அடித்தது. பின்னால் குக்கர் விசில் சத்தம்.

"ஏய், என்னடி அளவெடுத்த? நாடா பத்தவே மாட்டேங்குது. நான் என்ன உன்ன மாதிரி ஒல்லியாவா இருக்கேன்? பக்கத்துக்கு ஆறு அங்குலம் சேத்துக் குடு. பாக்கெட்ல என்னமோ போட்டிருக்கியே, கண்ணாடி இல்லாம வாசிக்க முடியல, என்னது அது?"

"'சாப்ட்டியாடி?'ன்னு போட்டிருக்கேன்க்கா."

கொஞ்ச நேரம் விசில் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "சரி சரி, நாடாவ மறந்துராத" என்று வைத்துவிட்டாள். அதே சேலையில் கரைத் துணி ஒரு முழம் மிச்சம் இருக்கிறது. அதைத்தான் இப்போது வெட்டி வைத்திருக்கிறேன்.

- மதுரை வாசகி