ஓட்டுபவருக்குக் கடல் தெரியாது

கரையோரச் சாலைகள் – 9

இத்தாலியின் எஸ்.எஸ். 163 சாலைக்கு மொத்த நீளமே சுமார் 50 கிலோமீட்டர்தான். சமவெளியாக இருந்தால் ஒரு மணி நேரத்துக்குள் கடந்துவிடலாம். சொரெண்டோ அருகே மேத்தாவில் தொடங்கி, சலேர்னோவை ஒட்டிய வியத்ரி சுல் மாரே ஊரில் முடியும் இந்தச் சாலையில், ஆகஸ்ட் மாத ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் மாட்டிக்கொண்டவர்களுக்கு மூன்று மணி நேரம்கூடப் போதாது. ஒரு பக்கம் லத்தாரி மலையின் சுண்ணாம்புப் பாறை. மறுபக்கம் இடுப்பளவுக் கைப்பிடிச் சுவர். சுவருக்குக் கீழே, சில இடங்களில் நூறு மீட்டருக்கும் கீழே, திர்ரேனியக் கடல். இடைப்பட்ட தார்ச்சாலையில் எதிரெதிரே வரும் இரண்டு கார்கள் உரசாமல் போகலாம். அதுவும் எல்லா இடத்திலும் முடியாது.

அமால்ஃபி கடற்கரை என்று உலகம் அறிந்திருப்பது இந்தச் சாலையோரமும் அதற்கு மேலுள்ள மலைச்சரிவிலுமாக இருக்கும் 13 ஊர்களைத்தான். யுனெஸ்கோ 1997இல் இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அழகுக்குக் குறைவில்லை, ஆனால் கார் வாடகைக்கு எடுத்துத் தானே ஓட்டிப் பார்க்க வருகிறவர்களுக்கு அதில் பெரும்பகுதி கிடைப்பதில்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்தவர் கண்ணுக்கு அடுத்த வளைவும், முன்னால் போகும் வண்டியின் பின்புறமும்தான் தெரியும். கடல் தெரிவது பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு.

இந்த எளிய உண்மையின் மேல் இங்கே ஒரு தொழிலே நிற்கிறது. நேப்பிள்ஸ் விமான நிலைய வாசல், சொரெண்டோ ஓட்டல்கள், சலேர்னோ துறைமுகத்தின் கப்பல் மேடை என்று எங்கு பார்த்தாலும் கறுப்பு நிற மெர்சிடிஸ் வேன்களும் கோட் அணிந்த டிரைவர்களும் காத்திருப்பார்கள். இவர்கள் டாக்ஸிக்காரர்கள் கிடையாது. ‘என்.சி.சி.’ என்ற மூன்றெழுத்தில் இத்தாலியர்கள் சொல்லும் ‘ஓட்டுநருடன் வாடகை வண்டி’ என்பது 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தனி வகை. உரிமம் தருவது உள்ளாட்சி நிர்வாகம். டாக்ஸி போல நிறுத்தத்தில் நின்று சவாரி பிடிக்கவோ, தெருவில் கைகாட்டுபவரை ஏற்றவோ இவர்களுக்கு அனுமதி இல்லை. முன்பதிவு கட்டாயம். எனவே கட்டணமும் மீட்டரில் ஓடாது. முழுநாளுக்குப் பேசி முடித்துக்கொள்வதுதான் வழக்கம். அது பல நூறு யூரோவைத் தொடும்.

அவ்வளவு பணம் எதற்கு என்பது பொசிட்டானோ ஊரைத் தாண்டியதும் புரிந்துவிடும்.

எதிரே என்ன வருகிறது என்று தெரியாத வளைவு. டிரைவர் வேகத்தைக் குறைத்து, ஹாரனை ஒரே ஒரு முறை தட்டுகிறார். ஜன்னல் கண்ணாடி பாதி இறங்கியிருக்கிறது. பதில் ஹாரன் கேட்கிறதா என்று காது கொடுக்கிறார். கேட்கிறது. உடனே, வளைவுக்குச் சில மீட்டர் முன்பாகவே வண்டியை நிறுத்திவிடுகிறார். புதிதாக வந்தவர் செய்யும் தப்பு, வளைவின் வாய் வரை போய் நிற்பதுதான். எதிரே வருவது சீத்தா நிறுவனத்தின் பஸ்; அது திரும்புவதற்கு முழுச் சாலையும் வேண்டும். பாறையில் பதித்த குவிகண்ணாடியில் முதலில் அதன் மூக்கு தெரிகிறது. பிறகு முழு உடம்பும் கடல் பக்கம் வீசித் திரும்பி வருகிறது. வேன் டிரைவர் கையை நீட்டிப் பக்கக் கண்ணாடியை மடிக்கிறார். பஸ்ஸின் பக்கவாட்டுக்கும் வேனுக்கும் இடையே ஒரு சாண் இருக்கலாம். இரண்டு டிரைவர்களும் ஒருவரையொருவர் பார்த்து விரலை உயர்த்திக்கொள்கிறார்கள். பின் இருக்கையில் மூச்சைப் பிடித்திருந்தவர்கள் அதை விடுகிறார்கள்.

இடமே இல்லாமல் போனால் பின்னால் நகர வேண்டியது சிறிய வண்டிதான். இத்தாலியப் போக்குவரத்துச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. பின்னால் ஏற்கெனவே பத்து வண்டிகள் வரிசை கட்டியிருந்தால் பத்தும் நகர வேண்டும். எங்கே ஒதுங்க இடம் இருக்கிறது, எந்த வளைவில் பஸ்ஸுக்கு வழிவிட முடியும், எந்த நேரத்தில் எந்த ஊரின் முகப்பு அடைபடும் என்பதெல்லாம் வரைபடச் செயலியில் வராது. வருஷக்கணக்காக ஓட்டியவருக்கு மனப்பாடம். பயணி வாடகைக்கு எடுப்பது இந்த மனப்பாடத்தைத்தான். வேன் அதோடு சேர்ந்து வருகிறது.

2022 கோடையில் இன்னொரு காரணமும் சேர்ந்தது. நெரிசலைக் குறைக்க, வண்டி எண்ணின் கடைசி இலக்கத்தையும் தேதியையும் பார்த்து ஒற்றை, இரட்டை முறையில் கார்களைத் தடுக்கும் விதி வந்தது. ஆகஸ்ட் முழுவதும், கோடையின் வார இறுதிகளிலும், ஈஸ்டர் வாரத்திலும் காலை 10 மணி முதல் மாலை 6 மணி வரை அது நடப்பில் இருக்கும். உள்ளூர்வாசிகள், பொதுப் பேருந்துகள், டாக்ஸிகள், என்.சி.சி. வண்டிகள் ஆகியவற்றுக்கு விலக்கு உண்டு. 10.36 மீட்டருக்கு மேல் நீளமான பஸ்களுக்கோ இந்தச் சாலையில் இடமே இல்லை. பெரிய சுற்றுலாக் குழுக்கள் சிறு வண்டிகளுக்கு மாறியதற்கு அதுவே காரணம்.

சாலையின் மேல் பழி போடுவதிலும் நியாயமில்லை. நேப்பிள்ஸை ஆண்ட போர்போன் மன்னர் இரண்டாம் ஃபெர்டினாண்டு காலத்தில், 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், குதிரை வண்டிக்காகப் பாறையைக் குடைந்து போட்ட வழி இது. அதுவரை இந்த ஊர்களுக்குப் போக்குவரத்து என்றால் படகு; இல்லாவிட்டால் கோவேறு கழுதைப் பாதையும் கல் படிக்கட்டும்தான். இன்று மலையேறிகள் தேடி வரும் ‘தெய்வங்களின் பாதை’, அந்தப் பழைய வழிகளில் ஒன்று. பொமெரானோவிலிருந்து நொச்செல்லே வரை மலைமுகட்டை ஒட்டியே போகிறது.

டிரைவர் வைத்து இந்தச் சாலையில் வந்த பயணிகளில் புகழ்பெற்றவர் அமெரிக்க எழுத்தாளர் ஜான் ஸ்டைன்பெக். ரோமிலிருந்து ஓட்டுநருடன் காரை அமர்த்திக்கொண்டு மனைவியோடு பொசிட்டானோவுக்கு வந்தார். வழியில் இருவரும் அடைந்த கிலியை நகைச்சுவையாக விவரித்து 1953இல் ‘ஹார்ப்பர்ஸ் பஜார்’ இதழில் ஒரு கட்டுரை எழுதினார். பிழைப்புத் தேடி ஜனங்கள் அமெரிக்காவுக்குக் கப்பலேறிப் பெருமளவு காலியாகியிருந்த மீனவ ஊர், அந்தக் கட்டுரைக்குப் பிறகு பணக்காரப் பயணிகளின் ஊராக மாறத் தொடங்கியது.

விவரம் தெரிந்த டிரைவர் பயணத்தை மேற்கிலிருந்து கிழக்காகத்தான் அமைப்பார். இத்தாலியில் வண்டிகள் சாலையின் வலப்பக்கம் ஓடும். சொரெண்டோ பக்கமிருந்து சலேர்னோ நோக்கிப் போனால் கடலும் வலப்பக்கம். இடையில் எதிர்வரிசை வண்டிகள் வந்து மறைக்காது. பின் இருக்கையில் வலது ஜன்னலோரம் யாருக்கு என்பதை வீட்டில் கிளம்பும்போதே முடிவு செய்துகொள்வது நல்லது.

பொசிட்டானோவின் உள்சாலை ஒருவழிப் பாதை. அங்கே இறக்கிவிட்டு டிரைவர் வண்டியோடு போய்விடுவார், பயணிகள் படிக்கட்டு வழியே கடற்கரைக்கு இறங்க வேண்டும். பச்சையும் மஞ்சளுமாக மின்னும் மயோலிக்கா ஓடுகள் போர்த்திய சாந்தா மரியா அசுந்தா தேவாலயக் குவிமாடம் ஊரின் அடையாளம். கடலில் தெரியும் லீ கல்லி தீவுகளை முதலில் ரஷ்ய நடனக் கலைஞர் லியோனிட் மஸ்ஸீனும், பின்னர் ருடால்ஃப் நுரேயெவும் சொந்தமாக வைத்திருந்தார்கள். அடுத்து பிரையானோ. அதைத் தாண்டினால் ஃபுரோரேவின் பாறைப் பிளவு. சுமார் 30 மீட்டர் உயரப் பாலத்தின் மேல் சாலை அதைக் கடக்கிறது. கோன்கா தெய் மரினியில் சாலையிலிருந்து லிஃப்டில் இறங்கினால் மரகதக் குகை. 1932இல் லூயிஜி புவோனோகோரே என்ற மீனவர் கண்டறிந்தது. நீருக்கடியில் இருக்கும் துளை வழியாக வெளிச்சம் நுழைவதால் உள்ளே தண்ணீர் பச்சையாக ஒளிர்கிறது.

அமால்ஃபியில் இன்று சுமார் 5,000 பேர்தான். ஆனால் 839இல் தன்னாட்சி பெற்று, வெனிஸ், ஜெனோவா, பீசா ஆகியவற்றோடு போட்டியிட்ட கடல் வணிகக் குடியரசு இது. பீசாவின் படைகள் 1135இலும் 1137இலும் சூறையாடின. 1343 நவம்பரில் எழுந்த பெரும் கடல் கொந்தளிப்பு துறைமுகத்தையே விழுங்கியது. 62 படிகள் ஏறிப் போனால் பேராலயத்தின் வெண்கலக் கதவு. 11ஆம் நூற்றாண்டில் கான்ஸ்டான்டிநோபிளில் வார்த்துக் கொண்டுவந்தது. ஊருக்குப் பின்னாலுள்ள ஆலைப் பள்ளத்தாக்கில், பருத்திக் கந்தலை மர உலக்கைகளால் இடித்துக் கூழாக்கிக் காகிதம் செய்யும் தொழில் இடைக்காலத்திலிருந்து நடந்தது. 1954 வெள்ளம் பெரும்பாலான ஆலைகளை முடித்துவைத்தது. ஒன்று இப்போது காகித அருங்காட்சியகம்.

ஜன்னலுக்கு மேலே பார்க்கவும் மறக்கக் கூடாது. மலைச்சரிவு முழுக்கக் கறுப்பு வலை போர்த்திய எலுமிச்சைத் தோட்டங்கள். நீண்டு கூம்பிய ‘ஸ்ஃபுசாத்தோ’ எலுமிச்சைக்கு 2001இல் ஐரோப்பியப் புவிசார் குறியீடு கிடைத்தது. கொடிகளுக்குக் கட்டுவதுபோல, கிளைகளைத் தாங்க செஸ்ட்நட் மரக்கம்புகளால் பந்தல் கட்டுகிறார்கள். விவசாயிகள் அந்தக் கம்புகளின் மேலேயே நடந்து கவாத்து செய்கிறார்கள். ‘பறக்கும் விவசாயிகள்’ என்று அவர்களுக்குப் பெயர். முன்பு 50 கிலோவுக்கு மேல் எலுமிச்சை நிறைந்த கூடைகளைச் சுமந்து படிக்கட்டில் கப்பல் வரை இறங்கியவர்கள் பெண்கள். சாரை சாரையாகப் போனதால் ஊர் அவர்களைச் சிற்றெறும்புகள் என்றது.

இந்தத் தோட்டங்களுக்கும் சாலைக்கும் நேரடிச் சம்பந்தம் உண்டு. சிமெண்ட் இல்லாமல் கல்லைக் கல்லின் மேல் அடுக்கிய சுவர்கள்தான் மண்ணைப் பிடித்து நிறுத்துகின்றன; மழைநீர் கல்லிடுக்குகள் வழியே வடிந்துவிடும். இந்தக் கல்லடுக்குக் கலையை யுனெஸ்கோ 2018இல் இத்தாலி உள்ளிட்ட எட்டு நாடுகளின் பாரம்பரியமாகப் பட்டியலில் சேர்த்தது. ஆனால் அடுக்கத் தெரிந்த கைகள் குறைந்துவருகின்றன. பராமரிப்பு நின்ற தோட்டத்தில் சுவர் பிதுங்கும், பிறகு சரியும். வழிநெடுகப் பாறைகள்மேல் இழுத்துக் கட்டிய இரும்பு வலைகள் சும்மா கட்டப்பட்டவை அல்ல. 2021 பிப்ரவரி 2 அன்று அமால்ஃபி ஊருக்குப் பக்கத்தில் பாறையும் சாலையும் சேர்ந்து சரிந்தன. மீண்டும் போக்குவரத்து தொடங்க ஏப்ரல் ஆகிவிட்டது.

பரப்பளவில் இத்தாலியின் மிகச் சிறிய நகராட்சியான அத்ரானி, வெறும் 0.12 சதுர கிலோமீட்டர், கண்ணிமைப்பதற்குள் கடந்துவிடும். அங்கிருந்து மலையேறினால் ரவெல்லோ. 1880 மே மாதம் இங்கே வில்லா ரூஃபோலோவின் தோட்டத்தைப் பார்த்த இசைமேதை வாக்னர், தன் ‘பார்சிஃபால்’ நாடகத்தின் மந்திரத் தோட்டத்தை அதில் கண்டார். 1953 முதல் இங்கே இசை விழா நடக்கிறது.

பெரும்பாலான வேன்கள் ரவெல்லோவோடு திரும்பிவிடும். திரும்பக் கூடாது. கிழக்கே மினோரி, மயோரி தாண்டினால் சேட்டாரா. இன்னும் மீன்பிடிப் படகுகளை நம்பியே இருக்கும் ஊர். வசந்தத்திலும் கோடையின் தொடக்கத்திலும் பிடித்த நெத்திலியின் தலையைக் கிள்ளி, குடலை நீக்கி, சிறு மரப் பீப்பாயில் ஓர் அடுக்கு மீன், ஓர் அடுக்கு உப்பு என்று நிரப்பி, மேலே மூடி போட்டுக் கல்லை ஏற்றுகிறார்கள். மாதங்கள் கழித்துப் பீப்பாயின் அடியில் துளையிட, தேன் நிறத்தில் சொட்டுச் சொட்டாக இறங்குவதுதான் கொலாத்தூரா. 2020இல் இதற்கும் ஐரோப்பியப் பெயர்ப் பாதுகாப்பு கிடைத்தது. வெந்த ஸ்பகெட்டியில் பூண்டு, ஆலிவ் எண்ணெயோடு ஒரு கரண்டி கலந்தால் போதும். உப்பே போட வேண்டாம். கருவாட்டு வாசனை பழகிய தமிழ் மூக்குக்கு இது அந்நியமாக இருக்காது. சேட்டாராவில் மதிய உணவின் விலை பொசிட்டானோ அளவுக்கு ஏறாது.

வியத்ரி சுல் மாரேயில் சாலை முடிகிறது. மட்பாண்டங்களின் ஊர். 1950களில் கட்டடக்கலைஞர் பாவ்லோ சொலேரி வடிவமைத்த சொலிமெனே தொழிற்சாலையின் வெளிச்சுவரே ஆயிரக்கணக்கான சுடுமண் குடங்களால் ஆனது.

ஒரே நாளில் பதின்மூன்று ஊர்களையும் பார்த்துவிடலாம் என்று யாராவது பட்டியல் நீட்டினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். மூன்று நிறுத்தம் போதும்: அமால்ஃபி, ரவெல்லோ, சேட்டாரா. பொசிட்டானோவை மேலே சாலை வளைவில் நின்று பார்ப்பதே அழகு. ஏப்ரல், மே அல்லது அக்டோபரில் போங்கள். ஆகஸ்டை உள்ளூர் டிரைவர்களே விரும்புவதில்லை. முன்பதிவு செய்யும்போது உரிமம் உண்டா, காத்திருப்பு நேரமும் பார்க்கிங்கும் கட்டணத்தில் அடக்கமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பட்ஜெட் இடம் கொடுக்காவிட்டால் சீத்தா பஸ் இருக்கிறது, கோடைக்காலத்தில் சலேர்னோவிலிருந்து படகும் இருக்கிறது. எதில் வேண்டுமானாலும் போகலாம்; இந்தச் சாலையில் ஸ்டீயரிங்கை மட்டும் கையில் எடுக்க வேண்டாம்.

(தொடரும்)