குழாயில் இருக்கிறது, நோயாளியிடம் இல்லை

டெங்கு காலத்தில் வீட்டுக்கு வீடு விசாரிக்கப்படுவது பிளேட்லெட் கணக்கு. ஒன்றரை லட்சத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டியது 40 ஆயிரம் என்று ரிப்போர்ட் வந்தால் குடும்பமே கலங்கிப்போகும். அந்தக் கணக்கை எந்திரம் நிமிடத்தில் தந்துவிடுகிறதே, லேப் டெக்னீஷியனுக்குப் பட்டனை அழுத்துவதைத் தவிர என்ன வேலை என்று கேட்பவர்கள் உண்டு. எந்திரம் தந்ததை நம்பலாமா என்று பார்ப்பதே அவருடைய முதல் வேலை என்பேன். ஊதா மூடிக் குழாயில் ரத்தம் உறையாமலிருக்க ஈடிடிஏ என்ற உப்பு இருக்கும். மிகச் சிலருடைய ரத்தத்தில் அது பட்டதும் பிளேட்லெட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்துக் கொத்தாகிவிடும். துகளின் பருமனைப் பார்த்து எண்ணும் எந்திரம் அந்தக் கொத்துகளைக் கணக்கில் சேர்ப்பதில்லை. உடம்பில் குறையாதது காகிதத்தில் குறைந்துவிடும். சந்தேகப்பட்ட டெக்னீஷியன் ஒரு துளியை ஸ்லைடில் மெல்லிசாக இழுத்து, லீஷ்மன் சாயமேற்றி, மைக்ராஸ்கோப்பில் ஸ்மியரின் வால் ஓரத்தைத் துழாவுவார். அங்கேதான் கொத்துகள் ஒதுங்கிக் கிடக்கும். நீல மூடி சிட்ரேட் குழாயில் மறுபடி ரத்தம் எடுத்து, திரவம் கலந்து நீர்த்ததற்கு ஈடாக 1.1ஆல் பெருக்கினால் பெரும்பாலும் சரியான கணக்கு வந்துவிடும்.

எந்திரமே எச்சரிக்கை காட்டுமே என்பார்கள். காட்டும், சில சமயம் கோட்டையும் விடும். ஆனால் எந்திரம் துளியும் பிழை செய்யாத இடம் ஒன்று உண்டு. ரத்தம் போதவில்லை என்று யாரோ ஊதா மூடிக் குழாயிலிருந்து கொஞ்சத்தை வேறு குழாயில் ஊற்றிவிடுகிறார். ஈடிடிஏ பொட்டாசியம் உப்பாக இருப்பதால், 5க்குள் இருக்க வேண்டிய பொட்டாசியம் 8, 9 என்று எகிறும். எந்திரம் அளந்தது சரிதான். பொட்டாசியம் குழாயில் நிஜமாகவே இருக்கிறது, நோயாளியிடம்தான் இல்லை. அனுபவசாலியின் கண் உடனே கால்சியத்துக்குப் போகும். ஈடிடிஏ கால்சியத்தைக் கவ்விக்கொள்வதால் அது அநியாயத்துக்கு இறங்கியிருக்கும். நேற்றைய ரிப்போர்ட்டில் இரண்டும் ஒழுங்காக இருந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். இது தெரியாமல் பொட்டாசியத்தைக் குறைக்க மருந்து ஏற்றினால் நல்ல இதயத்துக்கே ஆபத்து.

ஒவ்வொரு சாம்பிளையும் இப்படித் துருவினால் நேரத்துக்கும் செலவுக்கும் எங்கே போவது என்பது நியாயமான கேள்விதான். எல்லாவற்றையும் துருவ வேண்டியதில்லை. முந்தைய அளவோடு பொருந்தாதது, ஒன்றோடொன்று முரண்படுவது, இவற்றை மட்டும் நிறுத்திவைத்து வார்டுக்குப் போன் போட்டு, “இன்னொரு சாம்பிள் அனுப்புங்க சிஸ்டர்” என்று சொன்னால் போதும். வெளியே காத்திருப்பவருக்கு அது ரிப்போர்ட் தாமதமாகத்தான் தெரியும். கவுன்ட்டரில் சத்தம் போடத்தான் செய்வார்.