கல்லாவில் பணம் குறைந்தது. கம்ப்யூட்டர் சொன்னது பொய்!

நாலே நாளில் நாட்டை உலுக்கிய இங்கிலாந்து டெலிவிஷன் தொடர்

கவுன்ட்டரில் உட்கார்ந்து பணம் வாங்கிப் போடுகிறவர்களுக்கு ஒரு பயம் எப்போதும் உண்டு. ஷிப்டு முடிந்து கணக்குப் பார்க்கும்போது பணம் குறையக்கூடாது. குறைந்தால் கைக்காசைப் போட்டுக் கட்டவேண்டும்.

டிக்கெட் கொடுக்கும் வேலை பார்க்கிற எனக்கும் அந்த அனுபவம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன், ஒரு தீபாவளிக் கூட்டத்தில் 1,500 ரூபாய் குறைந்தது. மூன்று முறை எண்ணியும் சரிவரவில்லை. யாருக்கோ மீதிச் சில்லறையை அதிகமாகக் கொடுத்துவிட்டேன். தவறு என்னுடையதுதான். பணத்தைக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போனேன். அன்று இரவு தூக்கம் வரவில்லை. பணம் போன கவலை பாதி. பக்கத்து சீட்டுக்காரர் பார்த்த பார்வை பாதி.

அந்தப் பணம் உண்மையில் குறையவே இல்லை, கம்ப்யூட்டர்தான் தப்பாகக் காட்டியது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்காக என்னைத் திருடன் என்று சொல்லி ஜெயிலில் போட்டிருந்தால் என் குடும்பம் என்ன ஆகியிருக்கும்?

இங்கிலாந்தில் நூற்றுக்கணக்கானவர்களுக்கு அப்படித்தான் நடந்தது. அதை ஒரு டெலிவிஷன் தொடராக எடுத்தார்கள். மொத்தமே நாலு பாகம். பெயர் "மிஸ்டர் பேட்ஸ் வெர்சஸ் தி போஸ்ட் ஆபீஸ்". அதாவது, "திரு. பேட்ஸ் எதிர் தபால் இலாகா".

எங்கள் காலனியில் உள்ள நண்பர் ஒருவரின் மகன் லண்டனில் படித்துவிட்டு வந்தவன். "அண்ணே, நீங்க அவசியம் பார்க்கவேண்டிய கதை இது" என்று சொல்லி, தன் வீட்டில் போட்டுக் காட்டினான். இரண்டு ராத்திரியில் நாலு பாகத்தையும் பார்த்து முடித்தேன்.

கடைக்குள் தபால் ஆபீஸ்

அந்த நாட்டில் கிராமங்களிலும் சிறு ஊர்களிலும் தபால் ஆபீஸ் பெரும்பாலும் ஒரு மளிகைக் கடைக்குள்ளேயே இருக்கும். கடைக்காரர்தான் சப்-போஸ்ட்மாஸ்டர். சேமிப்பைப் போட்டுக் கடையை வாங்கி, தபால் இலாகாவோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டு நடத்துவார். பென்ஷன் கொடுப்பதும் தபால்தலை விற்பதும் அவர்தான். கணக்கில் பணம் குறைந்தால் அவர் பொறுப்பு.

1999-ம் ஆண்டிலிருந்து இந்த ஆபீஸ்களுக்கு "ஹொரைசன்" என்ற கம்ப்யூட்டர் முறை வந்தது. அதை நடத்தியது புஜித்சு கம்பெனி. அதன் பிறகு நாடு முழுவதும் கல்லாவில் பணம் குறைவதாகக் கம்ப்யூட்டர் காட்டத் தொடங்கியது.

ஹாம்ப்ஷயர் பகுதியில் ஒரு கிராமத்தில் கடை வைத்திருந்தவர் ஜோ ஹாமில்டன் என்ற அம்மாள். 2,000 பவுண்டு குறைகிறது என்று உதவி கேட்டுப் போன் செய்தார். அவர்கள் சொன்னபடி பட்டனை அழுத்தினார். கண் எதிரிலேயே 2,000 என்பது 4,000 ஆயிற்று! தொடரில் இந்தக் காட்சியைப் பார்க்கும்போது சிரிப்பும் வருகிறது, வயிற்றையும் கலக்குகிறது.

போன் செய்த ஒவ்வொருவரிடமும் சொல்லப்பட்ட பதில் ஒன்றுதான்: "வேறு யாரும் இப்படிப் புகார் செய்யவில்லை. உங்களுக்கு மட்டும்தான் இந்தப் பிரச்சினை." இதை நம்பி ஒவ்வொருவரும் தன்னந்தனியாகத் தவித்தார்கள். சிலர் வீட்டை அடமானம் வைத்துக் கட்டினார்கள். சிலர் தாய் தந்தையிடம் கடன் வாங்கினார்கள்.

அங்கே தபால் இலாகாவுக்குப் போலீசின் உதவி இல்லாமலேயே கோர்ட்டில் வழக்குப் போடும் வழக்கம் இருந்தது. புகார் கொடுப்பதும் அவர்களே, விசாரிப்பதும் அவர்களே, வழக்கு நடத்துவதும் அவர்களே. கம்ப்யூட்டர் சரியாகத்தான் வேலை செய்திருக்கும் என்று எடுத்துக்கொண்டுதான் கோர்ட்டும் விசாரணையைத் தொடங்கும். தவறு என்று நிரூபிக்கவேண்டியது கடைக்காரர். கிராமத்து மளிகைக் கடைக்காரர் அதை எப்படி நிரூபிப்பார்?

1999-க்கும் 2015-க்கும் இடையில் 900 பேருக்கு மேல் குற்றவாளிகள் என்று தீர்ப்பாயிற்று. அவர்களில் பலர் நம் நாட்டிலிருந்து போய்க் குடியேறிய குடும்பத்தினர். சீமா மிஸ்ரா என்ற பெண்மணிக்கு 2010-ல் 15 மாத ஜெயில் தண்டனை. அப்போது அவர் கர்ப்பிணி. தீர்ப்பு வந்த நாள் அவருடைய மூத்த மகனின் பத்தாவது பிறந்த நாள்.

கட்ட மறுத்தவர்

வேல்ஸ் பகுதியில் லாண்டட்னோ என்ற கடற்கரை ஊரில் கடை வைத்திருந்தவர் ஆலன் பேட்ஸ். "கணக்கை முழுசாகக் காட்டு, பிறகு கட்டுகிறேன்" என்று சொன்னவர் இவர். 2003-ல் இவருடைய ஒப்பந்தம் ரத்தாயிற்று. போட்ட பணம் போயிற்று.

இவர் சும்மா இருக்கவில்லை. தன்னைப்போல் பாதிக்கப்பட்டவர்களைத் தேடிப் பிடித்தார். 2009-ல் பென்னி காம்ப்டன் என்ற கிராமத்தில் ஒரு பொது மண்டபத்தில் கூட்டம் போட்டார். "எனக்கு மட்டும்தான்" என்று நினைத்துக்கொண்டு வந்தவர்கள், மற்றவர்களைப் பார்த்து வாயடைத்துப் போன இடம் அது. தொடரில் மிக நல்ல காட்சிகளில் இதுவும் ஒன்று.

பேட்சாக நடித்தவர் டோபி ஜோன்ஸ். குள்ளமான உருவம், சாதாரண முகம். வசனத்தை உரக்கப் பேசுவதே இல்லை. பெரிய அதிகாரி எதிரில் உட்கார்ந்து, ரசீதுக் கட்டைப் புரட்டிக்கொண்டே நிதானமாகக் கேள்வி கேட்கிறார். நம் ஊர்க் கதாநாயகன் பத்துப் பேரை அடித்தாலும் இந்த விறுவிறுப்பு வராது. ஜோ ஹாமில்டனாக மோனிக்கா டோலன் நடித்திருக்கிறார். கதையை எழுதியவர் க்வினெத் ஹியூஸ் என்ற பெண் எழுத்தாளர்.

555 பேர் சேர்ந்து போட்ட வழக்கில் 2019-ல் ஐகோர்ட்டு நீதிபதி, கம்ப்யூட்டரில் கோளாறு இருந்தது என்று தீர்ப்புச் சொன்னார். சமரசமாகக் கிடைத்த தொகை 5 கோடியே 77 லட்சத்து 50 ஆயிரம் பவுண்டு. வழக்குச் செலவு போக ஆளுக்குச் சுமார் 20 ஆயிரம் பவுண்டுதான் மிஞ்சியது. 2021-ல் அப்பீல் கோர்ட்டு ஒரே நாளில் 39 பேரின் தண்டனையை ரத்து செய்தது. ஆனாலும் மற்ற நூற்றுக்கணக்கானவர்கள் குற்றவாளிப் பட்டத்தோடுதான் இருந்தார்கள்.

டி.வி. செய்த வேலை

2024 ஜனவரி 1-ந்தேதி முதல் 4-ந்தேதி வரை, தினம் ஒரு பாகமாக ஐ.டி.வி. நிறுவனம் இதை ஒளிபரப்பியது. ஒரு கோடிக்கு மேற்பட்டவர்கள் பார்த்தார்கள். நாடே கொதித்தது. பாராளுமன்றத்தில் இதே பேச்சு. தபால் இலாகாவின் முன்னாள் தலைமை அதிகாரி பாலா வென்னல்ஸ் பெற்ற அரசு விருதைப் பறிக்கவேண்டும் என்று 10 லட்சத்துக்கும் அதிகமானோர் கையெழுத்திட்டார்கள். அவரே விருதைத் திருப்பிக் கொடுப்பதாக அறிவித்தார். அதே ஆண்டு மே 24-ந்தேதி, இந்தத் தண்டனைகளை மொத்தமாக ரத்து செய்யும் சட்டம் அமலுக்கு வந்தது. ஜூன் மாதம் ஆலன் பேட்ஸ் "சர்" பட்டம் பெற்றார்.

இதில் என்னைப்போல் பத்திரிகைக்குச் செய்தி அனுப்புகிறவர்கள் யோசிக்கவேண்டிய விஷயம் ஒன்று உண்டு. டி.வி. புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. "கம்ப்யூட்டர் வீக்லி" என்ற பத்திரிகை 2009-லேயே பாதிக்கப்பட்டவர்களின் கதையை எழுதிவிட்டது. அதன் பிறகும் நிருபர்கள் ஆண்டுக்கணக்கில் எழுதினார்கள். படித்தவர்கள் படித்தார்கள், மறந்தவர்கள் மறந்தார்கள். ஜோ ஹாமில்டன் கண்ணீர் விட்டபோதுதான் மக்கள் எழுந்து உட்கார்ந்தார்கள்.

நிருபர்கள் எழுதியது வீண் என்று இதற்கு அர்த்தம் இல்லை. அவர்கள் எழுதி வைத்திருக்காவிட்டால் கதை எழுத விஷயம் கிடைத்திருக்காது.

விசாரணைக் கமிஷனின் முதல் பகுதி அறிக்கை 2025 ஜூலையில் வெளியாயிற்று. இந்த விவகாரத்தால் குறைந்தது 13 பேர் தற்கொலை செய்துகொண்டிருக்கலாம் என்று அதில் கூறப்பட்டிருக்கிறது. சட்டம் வந்தும் அவர்கள் திரும்பி வரப்போவதில்லை.

இன்னும் சில தொடர்கள்

நம் வீடுகளில் ஓடும் தொடர்கள் ஆயிரம் நாளைத் தாண்டுகின்றன. இங்கிலாந்துத் தொடர்கள் பல நாலு அல்லது ஆறு பாகத்தில் முடிந்துவிடும். கதை முடிந்தால் நிறுத்திவிடுகிறார்கள். அந்த இளைஞன் எழுதிக் கொடுத்த பட்டியலில் நான் பார்த்துப் பிடித்தவற்றைச் சொல்கிறேன்.

"அடாலசென்ஸ்" (2025): விடியற்காலையில் போலீசார் ஒரு வீட்டுக் கதவை உடைத்து, 13 வயதுப் பையனைப் பிடித்துப் போகிறார்கள். கூடப் படித்த பெண்ணைக் கொன்றதாகக் குற்றச்சாட்டு. நாலு பாகம். ஒவ்வொரு பாகமும் ஒரே ஓட்டமாக, காமிரா நிற்காமல் எடுக்கப்பட்டது. தகப்பனார் பிளம்பர், நல்ல மனிதர். "கதவைச் சாத்திக்கொண்டு அறைக்குள் கம்ப்யூட்டரோடு இருந்தான். வீட்டுக்குள் இருக்கிறானே, பத்திரமாக இருக்கிறான் என்று நினைத்தோம்" என்ற ரீதியில் பெற்றோர் பேசிக்கொள்ளும் கடைசிப் பாகத்தைப் பிள்ளை பெற்ற யாரும் லேசில் மறக்க முடியாது. தகப்பனாராக நடித்தவரும் கதாசிரியர்களில் ஒருவரும் ஸ்டீபன் கிரகாம். பையனாக நடித்த ஓவன் கூப்பர் 15 வயதில் எம்மி விருது பெற்றான்.

"ஹாப்பி வேலி": யார்க்ஷயர் மலைப்பகுதியில் ஒரு பெண் போலீஸ் சார்ஜன்ட். மகளை இழந்தவர், பேரனை வளர்க்கிறவர். பேரனின் தகப்பனே குற்றவாளி. 2014, 2016, 2023 என மூன்று சீசன், மொத்தம் 18 பாகம். இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் இடையில் ஏழு வருஷம். பேரனாக நடித்த சிறுவன் வளரட்டும் என்று காத்திருந்தார் கதாசிரியை சாலி வெய்ன்ரைட். சாரா லங்காஷயரின் நடிப்புக்காகவே பார்க்கலாம். அடிதடியும் ரத்தமும் உண்டு, குழந்தைகளுக்கு ஆகாது.

"ஸ்லோ ஹார்சஸ்": உத்தியோகத்தில் தவறு செய்தவர்களைத் தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றுவார்கள் அல்லவா? உளவு இலாகாவில் அப்படித் தள்ளப்பட்டவர்களின் கதை. அழுக்கு ஆபீஸ், ஓட்டைச் சட்டை அதிகாரி. அதிகாரியாக வருபவர் காரி ஓல்ட்மன். பேச்சில் கெட்ட வார்த்தை ஏராளம். வீட்டில் பெரியவர்கள் தூங்கிய பிறகு பார்க்கவும்.

சிரிக்கவும் உண்டு

இங்கிலாந்துக் காமெடி நம் நாட்டுக்குப் புதிது அல்ல. "மைண்ட் யுவர் லாங்வேஜ்" தொடரைத் தழுவி 1993-ல் தூர்தர்ஷனில் "ஸபான் சம்பால்கே" என்ற இந்தித் தொடர் வந்தது. "யெஸ் மினிஸ்டர்" 2001-ல் "ஜி மந்திரிஜி" ஆயிற்று.

பிற்காலத் தொடர்களில் எனக்குப் பிடித்தது "டிடெக்டரிஸ்ட்ஸ்". வயல்வெளியில் கருவியை ஆட்டிக்கொண்டு புதையல் தேடும் இரண்டு நண்பர்கள். கிடைப்பது என்னவோ பழைய பட்டனும் டின் மூடியும்தான். அவர்களில் ஒருவர் நம் டோபி ஜோன்ஸ். கோர்ட்டுப் படி ஏறிய அதே முகம், இங்கே நம்மைச் சிரிக்க வைக்கிறது. 2014 முதல் 2017 வரை வந்தது. 2022 கிறிஸ்துமசுக்கு ஒரு பாகம் கூடுதலாக வந்தது. யாரையும் இழிவு செய்யாத நகைச்சுவை.

"கேவின் அண்ட் ஸ்டேசி" தொடரில் பையன் எசெக்ஸ் பக்கம். பெண் வேல்ஸ் பக்கம். இருவரும் ஆபீஸ் வேலையாகப் போனில் பேசிப் பேசிக் காதலித்தவர்கள். இரண்டு சம்பந்தி வீட்டாரின் பேச்சு வழக்கும் சாப்பாடும் வேறு வேறு. பெங்களூரில் தெலுங்கு, கன்னடக் குடும்பங்களோடு சம்பந்தம் செய்துகொண்டவர்களுக்கு விளக்கவேண்டியதில்லை. 2007-ல் ஆரம்பித்து, 2024 கிறிஸ்துமஸ் இரவில் கடைசிப் பாகம் வந்தது. அதையும் ஒரு கோடிக்கு மேற்பட்டவர்கள் பார்த்தார்கள்.

எஸ்.எஸ்.எல்.சி. இங்கிலீஷை வைத்துக்கொண்டு எப்படிப் புரிந்துகொண்டாய் என்று கேட்கலாம். யார்க்ஷயர் பேச்சு எனக்கு முதலில் பாதிகூடப் புரியவில்லை. கீழே எழுத்து ஓடும் வசதி இருக்கிறது. அதைப் போட்டுக்கொண்டு பார்த்தால் இரண்டாவது பாகத்திலேயே காது பழகிவிடும்.

ஒன்றே ஒன்று பார்க்க நேரம் இருப்பவர்கள் பேட்ஸ் கதையைப் பாருங்கள். பாங்கியிலோ, கூட்டுறவுக் கடையிலோ, பஸ் கண்டக்டராகவோ பணம் புழங்கும் வேலை செய்பவர்கள் குடும்பத்தோடு பாருங்கள். ஜோ ஹாமில்டன் கோர்ட்டுக்குப் போன நாளில், அவருடைய கிராமத்தார் கூட்டமாக வந்து அவருக்காக நின்றார்கள். பணத்தை எடுத்தவள் என்று ஊர் நம்பவில்லை. கம்ப்யூட்டரை நம்பிய பெரிய அதிகாரிகளுக்குத் தெரியாதது, தினமும் அந்தக் கடையில் ரொட்டி வாங்கியவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அந்த இடம் வந்தபோது என் மனைவி பக்கத்தில் இருந்தாள். "அன்னிக்கு தீபாவளிக்கு நீங்க தூங்காம புரண்டதை நானும் பார்த்தேன்" என்றாள்.