பெயர் தைத்த காலம்

சதுரங்கப்பட்டினம் கோட்டைக்குள் இருக்கும் கல்லறைக் கற்களில், இங்கே வந்து மாண்ட டச்சுக்காரர்களின் பெயர்கள் பூவேலையோடு செதுக்கப்பட்டிருக்கின்றன. அவர்களைக் கடல் தாண்டி வரவழைத்தது சுற்றுவட்டாரத்தில் நெய்த மெல்லிய மஸ்லின் துணி. அதை நெய்தவர்களின் பெயர்கள் அங்கே இல்லை. துணியை வாங்கியவர் பெயர் நிற்கும், உழைத்தவர் பெயர் மறையும் என்பது பழைய வழக்கம்.

அந்த வழக்கத்துக்கு விலக்காக ஒரு துணி இருந்தது. ஹாலந்திலும் இங்கிலாந்திலும் எட்டு, பத்து வயதுச் சிறுமிகள் தையல் பழகிய மாதிரித் துணி. முதலில் அகரவரிசை, அடுத்து எண்கள், பிறகு வீடு, மரம், பறவை. கடைசியில் தைத்தவள் பெயர், பல துணிகளில் வயதும் ஆண்டும். அழகுக்காக மட்டும் இதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. பெரிய வீடுகளில் படுக்கை விரிப்பும் துவாலையும் வெளுக்கப்போனால் மாறிவிடக் கூடாதென்று ஒவ்வொன்றிலும் எழுத்தும் எண்ணும் தைப்பார்கள். அதற்கான பயிற்சி இது. ஆண்டு குறித்த ஆங்கிலேயத் துணிகளில் மிகப் பழையது, ஜேன் பாஸ்டாக் 1598-இல் தைத்தது. லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் அது இன்றும் இருக்கிறது.

ஊசியும் நூலும் மிஷன் பள்ளிகள் வழியே நம் சிறுமிகள் கைக்கும் வந்தன. 1819-இல் நாகர்கோவிலுக்கு வந்த மார்த்தா மால்ட் அம்மையார், தலையணையில் குண்டூசி குத்தி நூல்கட்டைகளை மாற்றிப் போட்டுப் பின்னும் லேஸைக் கற்பித்தார். கால்டுவெல்லை மணந்த அவர் மகள் எலைசா அதை இடையன்குடிக்குக் கொண்டுபோனார். சட்டப்படியே அடிமை முறை இருந்த அன்றைய திருவிதாங்கூரில், லேஸ் பின்னிய கூலியைக் கொண்டு விடுதலை வாங்கிய பெண்கள் உண்டு. ஊசி வேலைக்கு இதைவிடப் பெரிய பெருமை வேறு வேண்டாம்.

பிறகு வந்தது பள்ளிக்கூடத் தையல் வகுப்பு. ஓட்டுத் தையல், சங்கிலித் தையல், காம்புத் தையல், காஜா என்று ஒவ்வொன்றையும் துண்டுத்துணியில் போட்டு நோட்டில் ஒட்ட வேண்டும். வீட்டில் மேட்டி துணியில் கிளியோ ரோஜாவோ. கட்டம் எண்ணித்தான் ஊசி ஏற்ற வேண்டும். ஒரு கட்டம் தப்பினால் கிளியின் மூக்கு கோணிவிடும். தையல் டீச்சர் முன்பக்கத்தைப் பார்த்ததும் துணியைத் திருப்புவார். பின்பக்கம் முடிச்சும் தொங்கலும் இல்லாமல் இருந்தால்தான் நல்ல மார்க். கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியதும், வந்தவர்களிடம் "எங்க பொண்ணு போட்டது" என்று அம்மா சொல்வாள்.

இன்று செங்கல்பட்டு, கல்பாக்கம் என்று எந்தப் பக்கம் போனாலும் ஆரி ஒர்க் பலகை கண்ணில் படுகிறது. சட்டத்தில் துணியை விறைப்பாக இழுத்துக் கட்டி, அடியில் இடது கை நூலைப் பிடிக்க, நுனியில் கொக்கி வைத்த ஊசி அதை மேலே இழுக்கிறது. இழுக்க இழுக்கச் சங்கிலி நீள்கிறது. வகுப்பில் சேர்ந்தவர்கள் முதலில் சாம்பிள் துணியில் பழகி, மணி, ஜர்தோசி, கல் வேலை என்று ஒவ்வொன்றாக ஃபைலில் சேர்க்கிறார்கள். மாதிரித் துணி சாகவில்லை. பழகும் வயதும் நோக்கமும்தான் மாறியிருக்கின்றன. அன்று சிறுமிக்கு அது கட்டாயம். இன்று குடும்பப் பெண்ணுக்கு அது வருமானம். இந்த மாற்றத்தை மனமார வரவேற்கிறேன்.

ஆனால் தைத்தவள் பெயர் மட்டும் காணாமல் போயிற்று. பல ஆயிரம் ரூபாய் பெறும் கல்யாண பிளவுஸில் கடையின் லேபிள் இருக்கிறது. நாள் கணக்கில் குனிந்து உட்கார்ந்து தைத்த பெண் யாரென்று மணப்பெண்ணுக்கே தெரியாது. உள்துணியில் அவள் பெயரும் ஆண்டும் நாலு தையலில் அடங்கிவிடும். கடைக்காரர்கள் அதைச் செய்ய வேண்டும். வாங்குகிறவர்கள் கேட்க வேண்டும். வீட்டில் அம்மாவோ பாட்டியோ போட்ட மேட்டி துணி இருந்தால் வெயில் படாத சுவரில் மாட்டுங்கள். சட்டத்தின் பின்னால் அவர் பெயர், ஊர், ஆண்டு மூன்றையும் இன்றைக்கே எழுதுங்கள். கூலியும் பெயரும் சேர்ந்து கிடைத்தால்தான் அந்தக் கைகளுக்குச் செலுத்த வேண்டிய கடன் தீரும்.