அ, இ, உ, எ... அடுத்தது என்ன?

வாசிக்கத் தொடங்க முதல் ஒரு சின்ன வேலை. தலைப்பில் இருக்கிற வரிசையில் அடுத்து வரும் எழுத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கோ. பிறகு அதற்கு வருவோம்.

அக்காவின் மகளுக்குப் பத்து வயது. இங்கிலாந்தில் இந்த வயதுப் பிள்ளை இருக்கிற தமிழ் வீடுகளில் லெவன் ப்ளஸ் பேச்சு இல்லாமல் ஒரு சாப்பாடும் முடியாது. கிராமர் ஸ்கூலுக்குப் போக எழுதும் சோதனை அது. அதில் வெர்பல் ரீசனிங் பகுதியில் எழுத்து வரிசைக் கேள்விகள் வரும். போன ஞாயிறு அவளோடு இருந்து ஒரு பயிற்சித் தாள் செய்தேன்.

முதல் கேள்வி: சி, எஃப், ஐ, எல், ? உடனே 'ஓ' எண்டு சொல்லிவிட்டாள். மூன்று மூன்றாகத் தாவுது, அவ்வளவுதான்.

அடுத்தது: ஏ, ஸெட், சி, எக்ஸ், ஈ, வி, ? இதில் மாட்டிவிட்டாள். "ஒண்டும் விளங்கேல்ல."

இப்படிச் செய்து பார் என்றேன். எழுத்துக்குக் கீழே அதன் எண்ணை எழுது. எண்ணுவது கஷ்டம் என்றால் ஈ 5, ஜே 10, ஓ 15, டீ 20, வை 25 என்று ஐந்தை மட்டும் பாடமாக்கு. மற்ற எழுத்துகள் அநேகமாக இவற்றுக்குப் பக்கத்திலேயே இருக்கும். பிறகு பக்கத்து எண்களைக் கழி. இடைவெளி சீராக வராவிட்டால் ஒன்றை விட்டு ஒன்று பார். அப்போது ஏ, சி, ஈ ஒரு வரிசை. ஸெட், எக்ஸ், வி இன்னொரு வரிசை. விடை 'ஜி'.

இதே வேலையைக் கணினியிடம் கொடுத்துப் பார்த்தவர்களும் உண்டு. 1963இல் ஹெர்பர்ட் சைமனும் கென்னத் கொடோவ்ஸ்கியும் எழுத்து வரிசைகளைத் தீர்க்கும் ஒரு புரோகிராம் பற்றிக் கட்டுரை எழுதினார்கள். எத்தனை எழுத்துக்கு ஒருமுறை கோலம் திரும்ப வருகிறது, உள்ளே இருப்பது 'அதே எழுத்தா', 'அடுத்த எழுத்தா' என்று அது தேடும். ஆனால் ஒரு விஷயத்தை அதற்கு முன்கூட்டியே கொடுத்திருந்தார்கள்: அகரவரிசை.

அந்த ஒரு விஷயம்தான் அன்று எங்கள் வீட்டில் பிரச்சினை ஆனது.

சும்மா பகிடிக்கு, தலைப்பில் இருக்கிற தமிழ் வரிசையை எழுதிக் கொடுத்தேன். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்குப் போகிற பிள்ளை, விரல் விட்டு எண்ணினாள். "ஒண்டை விட்டு ஒண்டு. ஐ!"

குசினிக்குள் இருந்து அம்மாவின் குரல்: "ஐ இல்லை பிள்ளை, ஒ. எல்லாம் குறில் எல்லோ!"

யார் சரி? இரண்டு பேரும்தான். அ-ஆ, இ-ஈ, உ-ஊ, எ-ஏ என்று குறிலும் நெடிலும் சோடி சோடியாக வரும்வரை இரண்டு விதியும் ஒன்றாகவே போகும். பிறகு குறில் சோடி இல்லாத 'ஐ' நடுவில் வந்து நிற்க, வழி பிரிகிறது. பிள்ளை இடத்தை எண்ணினாள். அம்மா ஒலியைக் கேட்டார்.

அப்போதுதான் அம்மா சொன்னார். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் ஒரு வேலைக்கு இப்படி ஒரு சோதனை எழுதினவராம். ஒவ்வொரு கேள்விக்கும் 'ஏ'யில் இருந்து வாய்க்குள் சொல்லிப் பார்க்க வேண்டியிருந்தது. பாதியில் நேரம் முடிந்துவிட்டது. "எனக்கு மூளை காணாது எண்டுதான் இவ்வளவு நாளும் நினைச்சன்."

எனக்குச் சட்டென்று 2024இல் வந்த ஒரு ஆய்வு நினைவு வந்தது. மார்தா லூயிஸும் மெலனி மிட்செலும் ஆங்கில எழுத்துகளின் வரிசையைக் கலைத்து, "இனி இதுதான் அகரவரிசை" என்று சொல்லிவிட்டு எழுத்துப் புதிர்கள் கொடுத்தார்கள். மனிதர்கள் பெரிதாகத் தடுமாறவில்லை. அவர்கள் சோதித்த ஜிபிடி மாடல்கள் சறுக்கின. பழக்கமில்லாத வரிசையிலும் மனிதரால் யோசிக்க முடியும். அம்மாவிடமும் அந்த யோசனை இருந்தது. இல்லாதது, யோசிக்காமலே வந்து விழுகிற ஏபிசிடி மட்டும்.

அதனால் சோதனைக்குப் போகிறவர்களுக்கு இரண்டு விஷயம். வரிசையை முன்னுக்கும் பின்னுக்கும் நித்திரையில் கேட்டாலும் சொல்லும் அளவுக்குப் பழகுங்கோ. அது புத்தி இல்லை, பயிற்சி. இரண்டு விதி பொருந்தினால், கொடுத்திருக்கிற விடைகளில் எது இருக்கிறது என்று பாருங்கோ. புள்ளி குறைந்தால் அதை வைத்து உங்கள் மூளையை அளக்க வேண்டாம்.

இந்த வாரப் புதிர்: க, ச, ட, த, ப, ?

எனக்குத் தெரிந்து இதற்கும் இரண்டு விடை இருக்கிறது. விடையோடு விதியையும் எழுதி அனுப்புங்கோ. ஒன்றுதான் வருகிறது என்றால், அம்மம்மாவுக்கு ஒரு கோல் எடுங்கோ.